ரீம்ஸ் முதல் காரியாபட்டி வரை: பெண்கள் கால்பந்து பிழைப்புக்குரிய தொழிலான வரலாறு

முன்னுரை

2019 மே 22 அன்று லூதியானாவில் இந்திய மகளிர் லீக்கின் இறுதியாட்டம் நடந்தது. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கணக்கில் வென்று சேது எஃப்.சி. கோப்பையைக் கைப்பற்றியது. அதற்கு முந்தைய இரண்டு பட்டங்களும் மணிப்பூருக்கும் ஒடிசாவுக்கும் போயிருந்தன. தென்னிந்தியாவுக்கு வந்த முதல் பட்டம் இதுதான். வெளியூர்க்காரர்கள் இதை மதுரை அணி என்றே அறிந்தார்கள். ஆனால் அந்தக் கழகத்தின் முதுகெலும்பாக நின்ற சேது தொழில்நுட்பக் கல்லூரி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டியை அடுத்த புல்லூரில். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அண்டை நிலம் அது. மானாவாரி வேளாண்மையும் கண்மாய்ப் பாசனமும் கைத்தறியும் நூற்பாலையும் பிழைப்பாக இருக்கும் வறண்ட பூமி.

கால்பந்தைத் தொழிலாகக் கொண்ட ஆண்களின் வாழ்க்கை பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. பெண்ணொருத்தி பந்தாடிப் பிழைக்க முடியும் என்ற நிலை எப்படி வந்தது, எந்தப் படிகளைக் கடந்து வந்தது என்பது தமிழில் அதிகம் பேசப்படாத செய்தி. இக்கட்டுரை அந்தப் படிகளைத் தேடுகிறது. ஐரோப்பாவில் இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான அயர்லாந்து வீராங்கனை ஆன் ஓ'பிரையனின் வாழ்க்கையைத் தமிழக வீராங்கனை இந்துமதி கதிரேசனின் வாழ்க்கையோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறது. ஆண்களுக்குச் சம்பளம் முதலில் வந்தது, மற்ற வசதிகள் பிறகு வந்தன. பெண்களுக்கோ தங்குமிடம் முதலில் வந்தது, அரசு வேலை அடுத்து வந்தது, ஆட்டத்துக்கான சம்பளம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. இந்த வரிசை மாற்றமே இத்தொழிலின் இன்றைய பலத்துக்கும் பலவீனத்துக்கும் காரணம் என்பது கட்டுரையின் வாதம்.

நிலமும் ஆட்டமும்

திருச்சுழிக்கும் கால்பந்துக்குமான தொடர்பு நூற்றாண்டைக் கடந்தது. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அவர் மதுரையில் படித்த காலத்தில் நண்பர்களோடு கால்பந்து ஆடியதை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் அவர் படித்தார். 1890களிலேயே மதுரைச் சிறுவர்கள் பந்து உதைத்திருக்கிறார்கள் என்பதும், திருச்சுழியிலிருந்து படிக்கப் போன பையனுக்கு அந்த ஆட்டம் எட்டியது என்பதும் இதனால் தெரிகிறது.

அதே காலத்தில் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி தொடங்கியது. 1893இல் அதன் முதல் கேடயத்தை வென்றது ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ் என்ற அயர்லாந்துப் படைப்பிரிவு. பட்டாளமும் மிஷன் பள்ளியும் இந்தியாவுக்குள் கால்பந்து நுழைந்த முக்கியமான வாசல்கள். இரண்டும் ஆண்களுக்கான வாசல்கள். பெண்ணுக்கு அவற்றில் இடம் கிடையாது.

ஆடுகளம் என்ற முறையில் இந்த நிலம் எளிதானதல்ல. வடகிழக்குப் பருவமழை பெய்த மறுநாள் கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ளும். பத்தடி நடப்பதற்குள் பாதத்தின் கனம் இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் விரல் சிக்கினால் கணுக்கால் பிசகும். கண்மாய் வற்றிய தரை சமமாக இருக்கும், ஆனால் ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். இங்கே பந்தைத் தரையோடு உருட்டி ஆடுவதற்கு ஒழுங்காகப் பராமரித்த மைதானம் வேண்டும். அதை வைத்துக் காப்பாற்ற ஒரு நிறுவனம் வேண்டும்.

ஆண்களின் வரிசை: சம்பளம் முதலில்

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் சம்பளத்துக்கு ஆடுவதை 1885 ஜூலையில் சட்டபூர்வமாக்கியது. அதன்பின் பந்தாட்டம் ஆலைத் தொழிலாளிக்கு இன்னொரு வேலையானது. 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1961இல் அந்த வரம்பு நீங்கியது. அயர்லாந்து இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டி இங்கிலாந்துக் கழகங்களுக்குப் போனார்கள். கார்க் நகரத்தின் ராய் கீன் 1990இல் கோப் ராம்ப்ளர்ஸ் என்ற சிறு கழகத்திலிருந்து நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்குப் போனார். 1993இல் 37.5 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. சின்ன ஊர்க் கழகம், பெரிய கழகம், நாட்டு அணி என்ற ஏணி அவருக்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் ஏணி வேறு வகை. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்தன. ஆட்டம் முடிந்தாலும் ஓய்வூதியம் வரை அந்த வேலை நிலைத்தது. 1996இல் தேசிய லீக் தொடங்கியபோதும் சென்னையின் முகமாக நின்றது இந்தியன் வங்கி அணிதான். சையது சாபிர் பாஷா அந்த அணியிலிருந்து இந்திய அணிக்குப் போனார். ராமன் விஜயன் 1997–98 தேசிய லீக்கில் 10 கோல்களோடு முதலிடம் பிடித்தார். 2014இல் ஐ.எஸ்.எல். என்ற தொழில்முறை லீக் வந்த பிறகு முழுநேர ஒப்பந்தம் வழக்கமானது. அலுவலக வேலையோ கழக ஒப்பந்தமோ, ஆணுக்கு ஊதியம் என்ற ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது.

டப்ளினிலிருந்து ரீம்ஸுக்கு: ஆன் ஓ'பிரையன்

பெண்களின் கதை தடையில் தொடங்குகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைப் பெண்கள் அணிகள் அமைத்து ஆடினார்கள். பிரெஸ்டன் நகரத்தின் டிக் கெர் தொழிற்சாலை அணி அவற்றில் பெயர்பெற்றது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அந்த அணியின் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டு டிசம்பர் 5 அன்று, பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்று கால்பந்துச் சங்கம் தன் கழகங்களுக்கு ஆணையிட்டது. கூட்டம் வராததால் விழுந்த தடை அல்ல இது. கூட்டம் பெருகியபோது விழுந்தது. ஐம்பது ஆண்டுக் காலம் அது நீடித்தது.

ஆன் ஓ'பிரையன் 1956இல் பிறந்தவர், டப்ளின் நகரத்தின் இன்ச்சிகோர்ப் பகுதியைச் சேர்ந்தவர். அயர்லாந்து ஆண்கள் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜான் கைல்ஸின் உறவினர். 1973இல் பிரான்சின் ரீம்ஸ் கழகம் அயர்லாந்துக்குச் சுற்றுப்பயணம் வந்தபோது இவருடைய ஆட்டத்தைப் பார்த்து அழைத்துக்கொண்டது. அப்போது இவருக்கு வயது 17. அயர்லாந்திலிருந்து ஐரோப்பியக் கண்டத்துக் கழகத்துக்குத் தொழிலாக ஆடப்போன முதல் பெண் இவர். 1976இல் இத்தாலியின் லாசியோ கழகத்துக்கு மாறினார். அங்கே டிரானி, நேப்பிள்ஸ், மிலான் என்று பல ஊர் அணிகளுக்கு ஆடி, ஆறு முறை சாம்பியன் பட்டம் வென்ற அணிகளில் இருந்தார். 1990களின் தொடக்கம் வரை ஆட்டத்தை விடவில்லை. 2016இல் மறைந்தார்.

இவ்வளவு நீண்ட தொழில் வாழ்க்கையில் சொந்த நாட்டு அணிக்காக அவர் ஆடியவை மிகச் சில ஆட்டங்களே. அயர்லாந்துப் பெண்கள் அணி 1973இலேயே வேல்ஸ் அணியோடு அதிகாரபூர்வ ஆட்டம் ஆடியிருந்தது. எனினும் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை அழைத்து ஆட வைக்கும் வலு அன்றைய நிர்வாகத்துக்கு இல்லை. பிழைப்பா, நாட்டுக்கான ஆட்டமா என்று வந்தபோது அவருக்குப் பிழைப்பு மட்டுமே கிடைத்தது. வீட்டை விட்டுப் போனால்தான் தொழில் என்பது அன்று அயர்லாந்துப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை.

இந்தியப் பெண்கள் கால்பந்தின் முதல் கட்டம்

ஓ'பிரையன் ரீம்ஸில் ஆடிக்கொண்டிருந்த 1975ஆம் ஆண்டில் இந்திய மகளிர் கால்பந்துச் சம்மேளனம் உருவானது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணி இரண்டாம் இடம் பெற்றது. 1983இலும் இறுதியாட்டம் வரை போனது. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கென்று சம்பளம் தரும் லீக் எதுவும் நாட்டில் இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெண்கள் கால்பந்து அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் பொறுப்புக்கு வந்தது. மாநில அணிகளுக்கான தேசியப் போட்டி ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. இந்திய மகளிர் லீக் தொடங்கியதோ 2016–17 பருவத்தில்தான். ஆண்களின் தேசிய லீக்குக்கும் பெண்களின் லீக்குக்கும் இடையில் இருபது ஆண்டு இடைவெளி.

அந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்த பெண்களைத் தாங்கிப் பிடித்தவை எவை என்ற கேள்வி நம்மைக் கடலூருக்கு இட்டுச் செல்கிறது.

விடுதி: தொழிலின் முதல் படி

கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் பயிற்றுநர் மாரியப்பனின் உழைப்பால் பெண்கள் கால்பந்தின் நாற்றங்காலாக வளர்ந்தது. இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் தந்த வீராங்கனைகள். சந்தியா அரசு விடுதியில் தங்கிப் படித்து ஆட்டத்துக்கு வந்தவர். விடுதி என்பது இங்கே வெறும் கட்டடமில்லை. ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளை விடியற்காலையில் மைதானத்துக்கு வர வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும், பயிற்சி முடித்துப் பள்ளிக்குப் போக வேண்டும், மாலையில் மறுபடி ஆட வேண்டும். தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது, அடுப்படி வேலை என்று பெண்ணின் நேரத்தை வீடு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தை மீட்டுக் கொடுத்தது விடுதி. வாரச் சம்பளம் ஆலைத் தொழிலாளியின் நேரத்தை விலைக்கு வாங்கி அவனை ஆட்டக்காரனாக்கியது. இங்கே விடுதிச் சாப்பாடு அந்த வேலையைச் செய்தது.

பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் வழக்கம் வறண்ட நாட்டுக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. நூற்பாலை விடுதிகளில் இளம் பெண்களைத் தங்கவைத்து, சில ஆண்டு வேலைக்குப் பின் திருமணச் செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம் தமிழகத்து நூற்பாலை மாவட்டங்களில் வேரூன்றியிருந்தது. அதன் சுரண்டல் பற்றித் தொழிற்சங்கங்களும் நீதிமன்றங்களும் பேசியிருக்கின்றன. பெண்ணின் உடலுழைப்பை விடுதியில் வைத்து விலைக்கு வாங்கும் முறை இங்கே நன்றாக அறியப்பட்டது. அதே வயதுப் பெண்ணை அவளுடைய உடல் வலிமைக்காகவே போற்றி, படிக்கவும் வைத்து, அவள் பெயர் நாளிதழில் வருமாறு செய்த விடுதி முற்றிலும் வேறு பொருள் கொண்டது. அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தாய் தகப்பன் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து உணர வேண்டும் என்பதே என் விருப்பம்.

காரியாபட்டியின் கழகம்

சேது தொழில்நுட்பக் கல்லூரி 1995இல் தொடங்கப்பட்டது. பொறியியல் கல்லூரிகள் பெருகிய அந்தக் காலத்தில் வறண்ட புறம்போக்கும் புஞ்சையுமாகக் கிடந்த ஊர்களில் கல்லூரி வளாகங்கள் எழுந்தன. விடுதி, உணவுக்கூடம், பேருந்து, மைதானம் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. கால்பந்துக் கழகத்துக்குத் தேவையான அடிப்படைகளும் இவைதான். மகளிர் லீக் உருவானதும் இப்படியொரு பின்புலத்திலிருந்து சேது எஃப்.சி. எழுந்ததில் வியப்பில்லை. 2017–18 லீக்கின் இறுதிச் சுற்று ஷில்லாங்கில் நடந்தபோது ஏழு அணிகளில் இரண்டு தமிழ்நாட்டிலிருந்து போயிருந்தன. ஒன்று சேது, இன்னொன்று கடலூரின் இந்திரா காந்தி கழகம். வீராங்கனைகளை வளர்த்த விடுதியும் அவர்களுக்கு வேலை கொடுக்க வந்த கழகமும் ஒரே களத்தில் நின்ற தருணம் அது.

அடுத்த பருவத்தில் வந்தது பட்டம். அந்த அணியில் கடலூரின் இந்துமதி இருந்தார், மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி இருந்தார். ஓ'பிரையன் டப்ளினிலிருந்து ரீம்ஸுக்குப் போனது போலவே மணிப்பூர்ப் பெண் தொழிலுக்காகத் தென்கோடி மாவட்டம் ஒன்றுக்கு வந்தார். ஒரு காலத்தில் பிழைப்புத் தேடி ஆட்கள் வெளியேறிய நிலம், பிழைப்புத் தேடி வீராங்கனைகள் வந்து சேரும் நிலமானது. இந்தப் பக்கத்து வரலாற்றில் இதைச் சிறிய செய்தியாகக் கடந்துவிட முடியாது. 2021–22 பருவத்தில் புவனேசுவரத்தில் கோகுலம் கேரளா அணியிடம் கடைசி ஆட்டத்தில் 1-3 என்று தோற்று சேது இரண்டாம் இடம் பெற்றது. பட்டம் வென்றது தற்செயல் அல்ல என்பதை அந்தத் தோல்வியே உறுதிப்படுத்தியது.

காக்கியும் பந்தும்: இந்துமதியின் இரட்டைத் தொழில்

இந்துமதி கதிரேசன் 1994இல் பிறந்தவர். நடுக்கள ஆட்டக்காரர். 2017–18 பருவத்தில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் வென்றது. அந்தத் தலைமுறையின் முகம் இந்துமதி. 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். இந்தியா அந்தக் கோப்பையை வென்றது. இரண்டு மாதம் கழித்து லூதியானாவில் சேதுவின் வெற்றி.

இத்தனைக்கும் இடையில் அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது ஆட்டங்கள் நின்றன. இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை சென்னைத் தெருக்களில் முகக்கவசம் அணிந்து காவல் பணியில் நின்றார். லீக் நின்றபோது ஒப்பந்தத்தை மட்டும் நம்பிய ஆட்டக்காரரின் வருமானம் ஆட்டம் கண்டது. காக்கிச் சட்டை அணிந்தவருக்கு மாதச் சம்பளம் வந்தது. பெண்கள் கால்பந்தில் அரசு வேலைக்கு இன்றும் இருக்கும் மதிப்பை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. தாய் தகப்பனைச் சம்மதிக்கவைக்கப் பயிற்றுநர்கள் முதலில் சொல்வது இந்த வேலை வாய்ப்பைத்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. காவல் பணியில் இருப்பவர் லீக் நடக்கும் வாரங்களில் விடுப்பு வாங்கி ஆட வேண்டும். வெளிநாட்டுக் கழகம் அழைத்தால் வேலையை விடுவதா என்று யோசிக்க வேண்டும். ஓ'பிரையனுக்குத் தொழில் இருந்தது, நாட்டு அணி எட்டவில்லை. இந்துமதிக்கு நாட்டு அணி கிடைத்தது, முழுநேரத் தொழில் எட்டவில்லை. இரண்டு தலைமுறைகளும் இப்படி ஆளுக்குப் பாதியைத்தான் அடைந்தன.

2023: இரு நாடுகளிலும் ஒரு திருப்பம்

2017 ஏப்ரலில் அயர்லாந்துப் பெண்கள் அணி டப்ளினின் லிபர்ட்டி ஹாலில் செய்தியாளர்களைச் சந்தித்தது. நாட்டு அணியின் பயிற்சிச் சீருடையை வேறு அணிகளோடு பகிர வேண்டியிருக்கிறது, விமான நிலையக் கழிப்பறையில் மாற்றித் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்று சொன்னார்கள். நான்கே ஆண்டில், 2021 ஆகஸ்டில், ஆண் பெண் இரு நாட்டு அணிகளுக்கும் சம ஊதியம் என்ற உடன்பாடு வந்தது. 2023இல் அயர்லாந்தின் மகளிர் லீக் கழகங்கள் தொழில்முறை ஒப்பந்தம் போட வழி பிறந்தது. அதே ஆண்டு அயர்லாந்து முதன்முறையாக மகளிர் உலகக் கோப்பையில் ஆடியது. ஓ'பிரையன் ரீம்ஸுக்குப் போன ஐம்பதாம் ஆண்டில்தான் சொந்த மண்ணில் சம்பளம் பெற்று ஆடும் வாய்ப்பு அயர்லாந்துப் பெண்ணுக்கு வந்தது.

அதே 2023இல் இந்தியச் சம்மேளனமும் ஒரு விதி கொண்டுவந்தது. மகளிர் லீக் கழகம் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஊதியத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதன் சாரம். 2023–24 பருவத்தில் லீக் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துபோகும் போட்டியாக இல்லாமல் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாதக்கணக்கில் நடந்தது. ஊதியத்துக்கும் நீண்ட பருவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூன்று வாரம் நடக்கும் போட்டிக்கு எந்தக் கழகமும் ஆண்டுச் சம்பளம் தராது. அதே 2023இன் ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது.

முடிவுரை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, பெண்ணின் கால்பந்துத் தொழிலை உண்டாக்கியது அவளை ஏற்றுக்கொண்ட நிறுவனம். ரீம்ஸ் கழகம், கடலூர் விடுதி, காரியாபட்டிக் கல்லூரி, காவல்துறை எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன. இந்த வாய்ப்பு அமையாத இடங்களில் திறமை இருந்தும் தொழில் வாழ்க்கை உருவாகவில்லை.

இரண்டாவது, சம்பளம் கடைசியில் வந்ததால் அடித்தளத்தில் உழைத்தவர்களுக்குப் பலன் போய்ச் சேரவில்லை. ஓர் இளம் ஆட்டக்காரர் தொழில்முறைக் கழகத்துக்குப் போகும்போது அவரை வளர்த்த கழகத்துக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2001 முதல் ஆண்களின் கால்பந்தில் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள் கால்பந்துக்கு அந்தப் பயிற்சி ஈட்டுத்தொகை பொருந்தாது என்று விதியே விலக்கி வைத்தது. கழகங்கள் பெண்களை வாங்கத் தயங்கும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. விளைவாக, ஆறேழு ஆண்டு சோறு போட்டு வளர்த்த விடுதிக்குக் கிடைப்பது பெயர் மட்டுமே. இந்தியச் சம்மேளனமாவது உள்நாட்டு அளவில் இதற்கு ஒரு வழி காண வேண்டும்.

மூன்றாவது, இந்த நிலத்தைப் பற்றியது. சேதுவின் பட்டம் வெளியூர்ப் பெண்கள் வந்து சேர்ந்து வென்ற பட்டம். அதில் குறையேதும் இல்லை. ரீம்ஸும் அப்படி வெளியூர்ப் பெண்ணை அழைத்துக்கொண்டதுதான். அடுத்த கட்டமாக திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை ஒன்றியங்களின் பள்ளி மாணவிகள் அந்த மைதானத்துக்கு வந்தாக வேண்டும். அதற்குத் தேவை பெரிய அரங்கம் அல்ல. ஒன்றிய அளவில் சிறுமியருக்கு ஆண்டு முழுதும் நடக்கும் ஒரு சிறிய லீக், கல்லூரி மைதானத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒதுக்கிய மாலை நேரம், ஒரு பெண் பயிற்றுநர், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இருபது படுக்கை கொண்ட அரசு விளையாட்டு விடுதி, ஆடும் ஒவ்வொரு சிறுமியின் பெயரும் சம்மேளனப் பதிவேட்டில் ஏறுவது ஆகியவை போதும். இவை அனைத்தும் மாவட்ட நிர்வாகமும் கல்லூரியும் சேர்ந்தால் ஓராண்டுக்குள் தொடங்கக் கூடியவை. ஊதியம், ஒப்பந்தம், லீக் எல்லாம் நாட்டு அளவில் வந்துவிட்டன. அவற்றை எட்டிப் பிடிக்கும் முதல் படியை இந்த வறண்ட நாட்டிலேயே கட்டிக் கொடுப்பது நம் கடமை. ஆலை விடுதிக்குப் போகும் வயதில் ஒரு பெண் கால்பந்து விடுதிக்குப் போவதைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், லூதியானாவில் 2019இல் கிடைத்த வெற்றி இந்த ஊர்களுக்கும் உரியதாகும்.